இரண்டு ஹெட் சிஸ்டர்கள் இருந்த ஒரு பகல்

போன மாதம் மூன்று இளம் பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். மூவரும் நர்ஸ்கள். அந்த வாரம்தான் ஹெட் நர்ஸாகப் பதவி உயர்ந்தவர்கள். அவர்களுக்கு ஏதோ வகுப்பு நடத்தி, ஆளுக்கொரு அச்சடித்த தாளும் கொடுத்திருக்கிறார்கள். அதில் நான்கு கட்டங்கள்: கட்டளையிட்டு வேலை வாங்குகிறவர், கலந்து பேசி வேலை வாங்குகிறவர், தட்டிக்கொடுத்து வேலை வாங்குகிறவர், அவரவர் போக்கில் விட்டுவிடுகிறவர்.

"நீங்க எந்தக் கட்டத்துலம்மா வருவீங்க?" என்று அவர்களில் மூத்தவள் கேட்டாள்.

நான் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று விழுந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். ஒரே பகலில் நான்கு கட்டத்திலும் ஏறி இறங்கிய இரண்டு பேரை எனக்குத் தெரியும். அதை அந்த நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாது என்பதால், எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதுதான் அது.

திருச்சியில் மூன்று வருஷம் நர்ஸ் பயிற்சி. கொதிக்க வைக்கக் கற்றேன், மடிக்கக் கற்றேன், நின்றுகொண்டே சாப்பிடக் கற்றேன். மற்றதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு கற்றதுதான். யுத்தம் தொடங்கிய சமயத்தில் எனக்கு வயது இருபது. புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். இலுப்பூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இருபத்து நான்கு கட்டில், ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், மூன்று நர்ஸ், இரண்டு ஆயா. எல்லோருக்கும் மேலே ஹெட் சிஸ்டர் மரியபுஷ்பம். எல்லோருக்கும் என்றால் டாக்டருக்கும் சேர்த்துத்தான்.

மரியபுஷ்பம் சிஸ்டர் குள்ளம். நின்றால் என் தோளுக்கு வருவார். ஆனால் அவர் வார்டுக்குள் நுழைந்தால், எழுந்து உட்கார முடியாத நோயாளிகூட ஒரு அங்குலம் எழும்பி உட்காருவாள். காலை ஏழு மணிக்கு ரவுண்டு. கட்டிலின் இரும்புச் சட்டத்தை வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு தடவு தடவுவார். குட்டையைப் பார்ப்பார். பிறகு நம்மைப் பார்ப்பார். தலையணை உறையின் திறந்த வாய் வாசலைப் பார்த்து இருக்கக் கூடாது. போர்வையின் மடிப்பு அவர் கையால் ஒரு சாண் இருக்க வேண்டும். நம் கைச் சாண் செல்லாது. முதல் வாரம் ஒரே கட்டிலை என்னைப் பதினொரு தடவை விரிக்கச் சொன்னார். பன்னிரண்டாவது தடவை ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் ஸ்டோர் ரூமுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குதித்தேன்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரே சமயத்தில் மூன்று வேலைக்கு மேல் சொல்ல மாட்டார். விரலை நீட்டி, "ஒண்ணு, நாலாம் நம்பருக்கு மருந்து. ரெண்டு, ஆறாம் நம்பருக்குக் கட்டு. மூணு, வெந்நீர்" என்பார். நாம் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒரு அடி நகர்ந்தாலும் "நில்லு!" என்று ஒரு சத்தம். கம்பவுண்டர் வீட்டில் பெண்சாதி சொல்வதையெல்லாம் பழக்க தோஷத்தில் திருப்பிச் சொல்லி, கேலி செய்கிறார் என்று அந்த அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஏன் இந்தத் திருப்பிச் சொல்லும் பாடு என்று ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். இருவரும் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தோம். அவர் நிமிரவில்லை.

"பதினெட்டு வயசுல மெட்ராஸ்ல ஒரு ஆர்டரைத் தப்பாக் காதுல வாங்கினேன். மருந்து மாறிப் போச்சு" என்றார். கையிலிருந்த பஞ்சைச் சுருட்டி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு பொழச்சிட்டா. நாந்தான் இன்னும் பொழைக்கலை" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. பிறகு மரியபுஷ்பம் சிஸ்டரைத் திருச்சிக்கு, நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். அவர் இடத்துக்குத் திருவரங்குளம் பக்கத்திலிருந்து காமாட்சியம்மா வந்தார். வண்டியிலிருந்து இறங்கும்போதே இடுப்பில் ஒரு பலாப்பழம். உயரமான, அகலமான பெண்மணி. சிரித்தால் மருந்து அலமாரிக் கண்ணாடி அதிரும். வந்த அரை மணி நேரத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"ஆத்தா, இந்த ஜன்னலைத் தெறந்து வைக்கலாமா, சாத்தலாமா? நீ என்ன நெனைக்கிற?"

என்னைக் கேட்டார். ஆயாவைக் கேட்டார். ஜன்னலோரக் கட்டிலில் குடலிறக்கத்துக்காகப் படுத்திருந்த விவசாயியைக் கேட்டார். அவர் பயந்துபோய், "நீங்க சொன்னாச் சரிங்க" என்றார். "நாஞ் சொல்லலையே, ஒங்களத்தான கேக்குறேன்" என்று காமாட்சியம்மா அவர் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். நோயாளி கட்டிலில் நர்ஸ் உட்காருவதா! இன்னும் திருச்சிக்குக் கிளம்பாமல் இருந்த மரியபுஷ்பம் சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜெபம் சொன்னார்.

எங்களுக்கு உள்ளூர அலட்சியம். இந்த அம்மாவுக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தோம். பின்னால்தான் தெரிந்தது: ஒரு கிராமத்து மருந்தகத்தில் ஒன்பது வருஷம் தன்னந்தனியாக இருந்தவர் அவர். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். பிரசவம், பாம்புக்கடி, காய்ச்சல் எல்லாவற்றையும் யாரிடமும் கேட்க ஆளில்லாமல் தானே முடிவு செய்து செய்து, மனிதர்களைக் கண்டதும் கேட்டுத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பொறுப்பு ஒப்படைப்பு. டாக்டர் விடிகாலையிலேயே சைக்கிளில் தெற்கே கிராமங்களுக்கு அம்மை குத்தப் போய்விட்டார். காலை ஒன்பதரை மணி. மேஜைமேல் தெர்மாமீட்டர், கத்தரி, ஊசி எல்லாம் வரிசையாக இருந்தன. மரியபுஷ்பம் சிஸ்டர் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார். காமாட்சியம்மா அதைக் கையில் வாங்கினார். அப்போது வாசலில் பஸ் ஹாரன் விடாமல் அலறியது.

அது கரி வண்டி. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் அடுப்பு வைத்துக் கரியை எரித்து ஓட்டிய காலம். வண்டிக்கு முன்னால் வாழை மரம் கட்டியிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் வெளியே தொங்கின. தொங்கிய அத்தனை தலையும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. கல்யாணக் கோஷ்டி. கிழக்கே ஏழெட்டு மைலில் பெண் வீட்டில் விடிகாலை முகூர்த்தம். பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் பொன்னமராவதிப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டவர்கள். முப்பத்தெட்டுப் பேர். மாலை போட்ட மாப்பிள்ளை, மாலையோடு குனிந்து, மாலையிலேயே வாந்தி எடுத்தார்.

"காலரா!" என்று தெருவில் யாரோ கத்தினார்கள். ஐந்து நிமிடத்தில் எதிர்க்கடைகள் சாத்தப்பட்டன.

நான் ஒப்படைப்பு மேஜைக்கு ஓடினேன். "சிஸ்டர், என்ன செய்யட்டும்?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்து, ஒரே சமயத்தில் மூடினார்கள்.

"நான் கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே அவங்க சொல்லணும்" என்றார் மரியபுஷ்பம் சிஸ்டர்.

"நான் இன்னும் போடலையேக்கா" என்றார் காமாட்சியம்மா.

வெளியே கல்யாணக் கோஷ்டி ஓக்காளித்துக்கொண்டிருக்க, உள்ளே ஒரு ஆஸ்பத்திரி தலையில்லாமல் நின்றது. மூன்று நொடி இருக்கும். பிறகு காமாட்சியம்மா பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டார்.

"அக்கா, நீங்க வாசலப் பாருங்க. நான் உள்ள பாக்குறேன். கையெழுத்த அப்பறம் பாத்துக்கலாம்."

மரியபுஷ்பம் சிஸ்டர் வாசல்படியில் ஏறி நின்றார். ஊதா மருந்துக் குப்பியும் பஞ்சுக் குச்சியும் கையில். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மணிக்கட்டில் ஊதாப் பொட்டு வைத்தார். ஒரு பொட்டு என்றால் வேப்பமரத்தடி. இரண்டு பொட்டு என்றால் வராந்தா. மூன்று பொட்டு என்றால் கட்டில். "எனக்கு ரெண்டு பொட்டுத்தானா? மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் நான்!" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்து, ஒரு பொட்டை அழித்தார். தாய்மாமன் பேசாமல் மரத்தடிக்குப் போனார்.

உள்ளே காமாட்சியம்மா கேட்டுக்கொண்டிருந்தார். கட்டில் கட்டிலாக, பாய் பாயாகக் குனிந்து, "என்ன சாப்பிட்டீக? எது ருசியா இருந்துச்சு? எது நல்லால்ல?" என்று ஒருவரையும் விடவில்லை. ஒரு கிழவர், "மோர்க்குழம்புதாங்க. செம்புப் பாத்திரத்த நக்குன மாதிரி நாக்குல ஒரு கசப்பு. பந்தியில கொற சொல்லக் கூடாதுன்னு ரெண்டு வாட்டி வாங்கிச் சாப்பிட்டேன்" என்றார். காமாட்சியம்மா வாந்திச் சட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். பச்சை கலந்த நீலம்.

"களிம்பு! காலராவும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. பித்தளை அண்டாக் களிம்பு!"

பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசாமல் புளிப்பை வைத்தால் களிம்பு இறங்கும். யுத்தத்தில் ஈயம் எங்கே கிடைத்தது? அண்டா பூச்சுப் போய் ஒரு வருஷம் ஆயிற்றாம். முந்தின இரவே மோர்க்குழம்பு வைத்து அதிலேயே விட்டிருக்கிறார்கள்.

அடுத்த நிமிடம் அவர் இன்னொன்று கேட்டார். "இன்னம் பந்தி இருக்கா அங்கிட்டு?"

இருந்தது. ஊர்ச்சனம் சாப்பிடும் கடைசிப் பந்தி பாக்கி. பஸ் டிரைவர் பந்தியில் உட்காரவேயில்லை. அடுப்புக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்ததால் இலை போடவில்லை என்று அதுவரை கோபத்தில் இருந்தவர். "நான் போறேங்க!" என்று வண்டியைத் திருப்பினார். பின்னால் கம்பவுண்டர் அடுப்பை விசிறிவிட்டுக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினார். போய்ச் சேர்ந்தபோது இலை போட்டு, சோறு பரிமாறி, குழம்பு வாளியை எடுத்துவிட்டார்களாம். டிரைவர் காலாலேயே வாளியை உதைத்தாராம். முதலில் அடி வாங்கி, பிறகு மாலை வாங்கினார்.

களிம்புக்குப் பாலும் முட்டை வெள்ளைக்கருவும். காலரா இல்லை என்று தெரிந்ததும் கடைகள் திறந்தன. கூடை கூடையாக முட்டை வந்தது. கம்பவுண்டர் மருந்து அரைக்கும் குழவியை வைத்து முட்டை அடித்தார். "கல்யாணத்தன்னிக்கு முட்டையா?" என்று மரத்தடியில் முணுமுணுப்பு எழுந்தது. வாசற்படியிலிருந்து மரியபுஷ்பம் சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் குடித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் கூறைச்சேலையோடு ஒரு பெண் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மணப்பெண் வள்ளிக்கண்ணு. பதினேழு பதினெட்டு வயதிருக்கும். வெட்கத்திலும் அழுகையிலும் பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டவள்; அதனால் அவளுக்கு ஒன்றுமில்லை. அதுவே அவளுக்கு வினையாகிவிட்டது.

மூன்று பொட்டோடு கட்டிலில் கிடந்த மாமியார் அழகம்மாள் கையை நீட்டி, "பாத்தியளா, அவ மட்டும் திங்கலை! தெரிஞ்சுதான் திங்கலை! இவ காலு எங்க வீட்டுப் படியில படக் கூடாது. இப்பயே திருப்பி அனுப்புங்க" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி வாந்தி.

காமாட்சியம்மா வள்ளிக்கண்ணுவிடம் போனார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். "ஆத்தா, இங்க ரெண்டு காலுல நிக்குறவுக கொஞ்சம் பேருதான். நீ அழுகப் போறியா, சட்டி தூக்கப் போறியா? நீ என்ன நெனைக்கிற?"

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கூறைச்சேலையை இழுத்துச் செருகினாள். அதன்மேல் நான் என் ஏப்ரனைக் கட்டிவிட்டேன். அப்படி ஒரு நர்ஸை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. ஐந்து சட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு ஓடினாள்.

மதியம் பன்னிரண்டுக்குள் முக்கால்வாசிப் பேர் தேறிவிட்டார்கள். அழகம்மாள் தேறவில்லை. மருமகள் கையால் பால் வேண்டாம் என்று வாயை இறுக்கிக்கொண்டாள். நாங்கள் ஊற்றியதும் தங்கவில்லை. கண் குழிந்தது. கை சில்லிட்டது. நான் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நூல் மாதிரி ஓடியது. பிறகு அந்த நூலும் விட்டு விட்டு வந்தது.

செய்ய வேண்டியது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தொடைத் தோலுக்கு அடியில் ஊசி குத்தி உப்பு நீர் ஏற்ற வேண்டும். டாக்டர் உத்தரவில்லாமல் நர்ஸ் அதைச் செய்யக் கூடாது. டாக்டர் எந்தக் கிராமத்தில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் உலகம் தலைகீழானது. காமாட்சியம்மா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. விரலை நீட்டினார். குரல் சாட்டை மாதிரி வந்தது. "ஒண்ணு, ஊசியும் ரப்பர் குழாயும் கொதிக்கணும். ரெண்டு, உப்புத் தண்ணி. மூணு, கட்டிலச் சுத்தித் தெரை. திருப்பிச் சொல்லு!" நான் திருப்பிச் சொன்னேன். ஒன்பது வருஷத் தனிமையில் முடிவெடுத்துப் பழகிய குரல் அது என்று இப்போது தெரிகிறது.

நான் கொதித்த ஊசியோடு திரும்பி வந்தபோது மரியபுஷ்பம் சிஸ்டர் கட்டிலருகே நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தார்.

"திலகவதி, மூணு மணி நேரமா இவங்க நாடியை நீதான் பாக்கிற. நீ என்ன நினைக்கிறே?"

மூன்று வருஷத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி. எனக்கு இருபத்து மூன்று வயது.

"டாக்டர் வர்ற வரைக்கும் தாங்காது சிஸ்டர். ஏத்திரலாம்."

"டாக்டர் வர்ற வரைக்கும் தாங்காது. ஏத்திரலாம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். என் வார்த்தையை, அப்படியே.

ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி முதலில் எழுதினார்: டாக்டர் இல்லை. நாடி விழுகிறது. உப்பு நீர் ஏற்றுகிறேன். பொறுப்பு என்னுடையது. மரியபுஷ்பம். காமாட்சியம்மா கொண்டையிலிருந்து பேனாவை உருவி, கீழே 'என்னுடையதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அதற்குக் கீழே 'என்னுடையதும்' என்று எழுதினேன். ஆயா கட்டை விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் இடம் விட்டோம்.

மரியபுஷ்பம் சிஸ்டர்தான் ஊசி குத்தினார். உப்பு நீரின் சூட்டைத் தன் முழங்கையில் விட்டுப் பார்த்தார். தொடையில் அயோடின் தடவினார். தோலைக் கிள்ளித் தூக்கி, சாய்வாக ஊசியை இறக்கினார். காமாட்சியம்மா கண்ணாடிக் குடுவையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அவர் உயரத்துக்கு ஸ்டாண்டே தேவைப்படவில்லை. நான் குழாயை நெரித்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தோலடியில் நீர் எலுமிச்சம்பழம் போல் திரண்டு வந்தது. அதை மெல்ல நீவிவிட வேண்டும். அப்போதுதான் உடம்பு இழுத்துக்கொள்ளும். நீவியது யார்? வள்ளிக்கண்ணு. ஒரு மணி நேரம், கை ஓயாமல், மருதாணிக் கையால்.

இரண்டு மணிக்கு நாடி திரும்பியது. என் விரலுக்கடியில் முதலில் ஒரு தட்டு, பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாக. நான் வாய்விட்டு எண்ணினேன். எல்லோரும் என்னோடு சேர்ந்து எண்ணினார்கள்.

மூன்றரை மணிக்கு அழகம்மாள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். வள்ளிக்கண்ணு டம்ளரைப் பிடித்தாள். முழுவதும் குடித்துவிட்டு, "மகராசியா இருப்ப தாயி. நீ எந்த ஊரு நர்ஸு?" என்றாள்.

அவள் காலி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒங்க ஊரு நர்ஸுதான் அத்தை" என்றாள் வள்ளிக்கண்ணு.

அழகம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். ஏப்ரனுக்குக் கீழே தெரிந்த கூறைச்சேலைக் கரையைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. சிரிப்பு பின்னாலேயே வந்தது. சிரித்தால் தொடையில் வலிக்கிறது என்று அலறிக்கொண்டே சிரித்தாள். வராந்தாவிலிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். மாமியாரும் மருமகளும் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு, ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தார். அது மரத்தடி வரைக்கும் பரவியது.

சாயங்காலம் நலுங்கு வைக்க வேண்டுமே என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். வார்டிலேயே வைத்தோம்! பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து உருட்டத் தேங்காய் இல்லை. காமாட்சியம்மா பெரிய பேண்டேஜ் சுருள் ஒன்றை எடுத்தார். எல்லோரும் மரியபுஷ்பம் சிஸ்டரைப் பார்த்தோம்.

"அது கொதிக்க வைக்காதது" என்றார் அவர். பிறகு, "பரவாயில்லை, உருட்டுங்க" என்றார்.

சுருள் உருண்டது, பிரிந்தது, கட்டில் காலைச் சுற்றியது. மாப்பிள்ளை அதைப் பிடிக்கப் போய்த் தன் காலையே கட்டிக்கொண்டார். மரியபுஷ்பம் சிஸ்டர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சத்தமே வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து டாக்டர் சைக்கிளில் வந்து இறங்கி, வாயைப் பிளந்து நின்றார். ரிஜிஸ்டரை வாசித்தார். நான்காவதாக இருந்த கைநாட்டை நெடுநேரம் பார்த்தார். அழகம்மாளின் நாடியைப் பார்த்தார். அந்தப் பக்கத்தின் அடியில் 'நல்லது' என்று எழுதினார்.

மறுநாள் மரியபுஷ்பம் சிஸ்டர் திருச்சிக்குப் புறப்பட்டுப் போனார். காமாட்சியம்மாவோடு ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். இருவரையும் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். ஒருவர் பயத்திலிருந்து கண்டிப்பைக் கற்றார், ஒருவர் தனிமையிலிருந்து கலந்து பேசுவதைக் கற்றார். குணம் என்று நாம் சொல்வதில் பாதி, அவர்கள் வாழ்க்கையில் முன்பு நடந்துபோன ஏதோ ஒரு நாள்தான். மீதிப் பாதி, எதிரே கிடக்கும் நோயாளி.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் என்னை ஹெட் சிஸ்டர் ஆக்கினார்கள். முதல் நாள் காலை மூன்று நர்ஸ்களும் வரிசையாக நின்றார்கள். என்ன பேசுவது என்று முந்தின நாளெல்லாம் தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்போது வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண் கத்தினாள். ஸ்டிரெச்சர் வரும் வரை குழந்தை பொறுக்காது என்று தெரிந்தது. நால்வரும் ஓடினோம். வைக்கோல் மெத்தையிலேயே, மாடுகள் திரும்பித் திரும்பிப் பார்க்க, பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. என்னவோ பேசினேன், என்னவோ கேட்டேன், என்னவோ கத்தினேன். இன்றுவரை ஒன்றும் நினைவில்லை.

தாய் நிமிர்ந்து, வியர்வை வழிய, "இதுல யாருங்க பெரிய நர்ஸம்மா?" என்று கேட்டாள்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. மூன்று பெண்களும் என்னையே காட்டிக்கொண்டிருந்தார்கள்.